மூன்று கார்டு, பிறகு நான்கு: பெரிய ஒர்க்ஸ்டேஷனுக்குக் கேபினெட் தேர்வு

முதலில் மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பிராசசர் ஏஎம்டி த்ரெட்ரிப்பர் ப்ரோ 9975டபிள்யூஎக்ஸ்: 32 கோர், 350 வாட். மதர்போர்டு ஏசுஸ் ப்ரோ டபிள்யூஎஸ் டபிள்யூஆர்எக்ஸ்90இ-சேஜ் எஸ்இ. எட்டு சேனலுக்கும் டிடிஆர்5 ஆர்டிஐஎம்எம் (சர்வர் வகை ராம்). கிராபிக்ஸ் கார்டு என்விடியா ஆர்டிஎக்ஸ் ப்ரோ 6000 பிளாக்வெல் மேக்ஸ்-க்யூ மூன்று. ஒவ்வொன்றும் 96 ஜிபி நினைவகம், 300 வாட், இரண்டு ஸ்லாட் தடிமன். நான்காவது கார்டு பிறகு வரும். இவற்றோடு ஒரு நெட்வொர்க் கார்டு, ஆறு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க், 1600 வாட் பவர் சப்ளை. வேலை ஏஐ மாடல் பயிற்சியும் ரெண்டரிங்கும். அதாவது பல மணி நேரம், சில சமயம் பல நாள், முழுச் சுமையிலேயே ஓடும்.

இத்தனையும் முடிவான பிறகு, பெரிதாக ஒரு கேபினெட் வாங்கினால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைப்பது வழக்கம். பெரிதாக இருந்தும் அடங்காமல் போவதுதான் இங்கே பிரச்சினை. ‘ஃபுல் டவர்’, ‘சூப்பர் டவர்’ என்ற பெயர்களுக்குப் பின்னால் எந்தத் தரநிலையும் கிடையாது. தயாரிப்பாளர் விருப்பப்படி ஒட்டும் பெயர் அது. கண்ணாடிக் கதவும் நாலு ரேடியேட்டருக்கு இடமும் உள்ள பிரம்மாண்டமான பெட்டியில் பின்பக்க ஸ்லாட் ஏழே ஏழு இருக்கலாம். அதைவிடக் குள்ளமான பெட்டியில் பதினொன்று இருக்கலாம். இந்த மெஷினுக்குப் பெட்டியின் வெளி அளவைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது போர்டின் நான்கு ஓரமும் கடைசி ஸ்லாட்டும்.

போர்டு உட்காருமா

சாதாரண ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ. இந்த போர்டு எஸ்எஸ்ஐ-இஇபி வகை, 305 × 330 மி.மீ. உயரம் அதேதான்; அகலத்தில் 86 மி.மீ. கூடுதல். இந்த 86 மி.மீ. முழுவதும் கேபினெட்டின் முன்பக்கத்தை நோக்கி நீள்கிறது. வழக்கமாக ஏடிஎக்ஸ் போர்டின் ஓரத்தில் ரப்பர் வளையத்தோடு கேபிள் துளைகள் இருக்குமே, அந்த இடத்தை இது அப்படியே மூடிவிடும்.

விவரக்குறிப்பில் ‘இ-ஏடிஎக்ஸ் ஆதரவு’ என்று ஒரு வரி இருந்தால் அதை நம்பி வாங்கக் கூடாது. முறைப்படி இ-ஏடிஎக்ஸ் என்பதும் 305 × 330தான். ஆனால் 270, 277 மி.மீ. அகல போர்டுகளையும் அதே பெயரில் விற்கிறார்கள். கேபினெட் தயாரிப்பாளர்களும் அதற்கேற்ப ‘இ-ஏடிஎக்ஸ், அதிகபட்சம் 277’, ‘அதிகபட்சம் 285’ என்று அடைப்புக்குறிக்குள் வரம்பு போடுகிறார்கள். அந்த அடைப்புக்குறியைப் படிக்காமல் விட்டால் போர்டின் வலது ஓரம், போர்டைப் பூட்டும் தட்டின் மடிப்பில் போய் முட்டும். எஸ்எஸ்ஐ-இஇபி என்று தனியாகப் பெயர் சொல்லியிருக்கும் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வகைக்கும் வெளி அளவு ஒன்றே என்றாலும் ஸ்க்ரூ துளைகள் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. ஒரு துளைக்கு அடியில் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டைத் தூண்) இல்லாமல் போனால் போர்டின் அந்த மூலை லேசாகத் தொங்கும். கனமான கார்டைச் செருகும்போது வளையும். இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து. துளையே இல்லாத இடத்தில் முன்பே பதித்த ஸ்டாண்ட்ஆஃப் நின்றால் அதன் தலை போர்டின் அடியில் உள்ள சால்டரைத் தொடும், ஷார்ட் ஆகும். மெஷின் ஆன் ஆகாது, அல்லது ஆன் ஆகி உடனே அணையும். பலர் பிராசசரையும் ராமையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் போர்டைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

அட்டைப்பெட்டி ஒன்றை 305 × 330 அளவில் வெட்டி, போர்டின் கையேட்டில் உள்ள துளை வரைபடத்தைப் பார்த்து அதில் துளையிட்டுக்கொள்ளுங்கள். கேபினெட் வந்ததும் முதல் வேலையாக அதைத் தட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு கோளாறும் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

வலது ஓரத்தில் 24 பின் மின் இணைப்பு, டிஸ்க் இணைப்புகள், முன்பக்க யுஎஸ்பி-சி கேபிளின் தடித்த தலை எல்லாம் இருக்கும். படுக்கைவசமாக வெளியே பார்க்கும் இணைப்புகளுக்கு போர்டைத் தாண்டி 35 முதல் 40 மி.மீ. வெற்றிடம் வேண்டும். பின்சுவரிலிருந்து கூட்டினால்: போர்டு 330, பிளக் 40, அதற்கு அப்பால் முன்பக்க ஃபேன் 25. முன்னால் ரேடியேட்டரும் வைத்தால் இன்னும் 30. சுமார் 425 மி.மீ. உள் ஆழம் தெளிவாக இருந்தாக வேண்டும். வெளி நீளம் 550க்குக் கீழே உள்ள பெட்டிகளில் இது இறுக்கமாகத்தான் இருக்கும்.

ஏழாவது ஸ்லாட்டுக்குக் கீழே

ஸ்லாட்டுகளின் இடைவெளி தரநிலைப்படி 20.32 மி.மீ. போர்டில் ஏழு ஸ்லாட் இருக்கிறது. இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள நான்கு கார்டை 1, 3, 5, 7 என்று செருகினால் நான்காவது கார்டு 7, 8 இரண்டையும் பிடிக்கும். போர்டில் எட்டாவது ஸ்லாட் கிடையாது; ஆனால் கேபினெட்டின் பின்சுவரில் எட்டாவது திறப்பு இருந்தே ஆக வேண்டும். ஏழு திறப்புள்ள பெட்டியில் நான்காவது கார்டுக்கு வழியே இல்லை.

நான்காவது கார்டு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. மூன்று கார்டுக்கே நல்ல அமைப்பு 1, 4, 7தான். அப்படி வைத்தால் ஒவ்வொரு கார்டுக்கும் அடியில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும், ப்ளோவர் (கார்டின் வெப்பத்தைப் பின்சுவர் வழியே வெளியே ஊதும் ஃபேன்; மேக்ஸ்-க்யூ இந்த வகை) மூச்சு விட 20 மி.மீ. கிடைக்கும். ஏழு திறப்புள்ள பெட்டி என்றால் குறைந்தது இரண்டு கார்டையாவது ஒட்டி அடுக்க வேண்டியதுதான். அங்கே இரண்டு கார்டுகளுக்கு நடுவே மிஞ்சுவது சில மி.மீ. மட்டும். ப்ளோவர் கார்டுகளை இப்படி ஒட்டி அடுக்கவும் ஏற்றபடிதான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த நெருக்கத்தில் அதே வெப்பநிலையைப் பிடிக்க ஃபேன் அதிக வேகத்தில் சுற்றும். நான்கு கார்டு வரும்வரை அந்தச் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

நெட்வொர்க் கார்டு எங்கே போகும்? காலியாக விட்ட ஸ்லாட் 3 அல்லது 6. இங்கே ஒரு நுணுக்கம். ப்ளோவரின் ஃபேன் கார்டின் வால் முனையில், பின்சுவரிலிருந்து தள்ளி இருக்கிறது. லோ-புரொஃபைல் கார்டின் அதிகபட்ச நீளம் சுமார் 168 மி.மீ.; இந்த கிராபிக்ஸ் கார்டு 267 மி.மீ. ஆகவே குட்டையான நெட்வொர்க் கார்டு ஃபேனின் வாய்க்குக் குறுக்கே வராது. முழு நீள கார்டைப் போட்டால் மூடிவிடும்.

எட்டா, ஒன்பதா, பதினொன்றா? எட்டுத் திறப்புள்ள பெட்டியில் கடைசி கார்டுக்கு அடியிலேயே பவர் சப்ளை மூடி வந்துவிடலாம். ஒன்பது என்றால் குறைந்தது 20 மி.மீ., பதினொன்று என்றால் 60 மி.மீ. இந்த இடம் காற்றைவிடக் கைக்கும் கேபிளுக்கும்தான் அதிகம் தேவை. போர்டின் கீழ் ஓரத்தில் பவர் பட்டன் பின்கள், யுஎஸ்பி, ஃபேன் இணைப்புகள் வரிசையாக இருக்கும். ஏழாவது ஸ்லாட்டில் கார்டு இறங்கினால் அதன் உறை அந்த வரிசைக்கு மேலே கூரை போல நீளும். நடுவே கிடைப்பது சுமார் ஒன்றரை செ.மீ. யுஎஸ்பி 3இன் 19 பின் பிளக் நிமிர்ந்து நின்றால் அதைவிட உயரம். கார்டு முழுதாக ஸ்லாட்டில் இறங்காது. அழுத்தினால் பின் வளையும். 90 டிகிரி மடக்கிய அடாப்டரை முன்கூட்டியே வாங்கி வைத்து, கார்டைச் செருகும் முன் கீழ் ஓரத்து இணைப்புகளை எல்லாம் முடித்துவிட வேண்டும். கார்டு இறங்கிய பிறகு அங்கே விரல் நுழையாது.

கார்டின் நீளத்தை எப்படி அளப்பது

விவரக்குறிப்பில் வரும் ‘கார்டு நீளம்’ பிளக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மேக்ஸ்-க்யூ போன்ற ப்ளோவர் கார்டுகளில் 16 பின் மின் இணைப்பு வால் முனையில் இருக்கிறது. பிளக்கிலிருந்து வெளியே வரும் கம்பிகளை முதல் 35 மி.மீ. வரை வளைக்காமல் நேராக விடுவது நடைமுறை. ஆகவே 267உடன் பிளக்கும் நேர்க் கம்பியும் வளைவும் சேர்த்து 330, 340 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் பெட்டிகளில் அது தொல்லை இல்லை. ஆனால் அந்த வளைவு போர்டின் வலது ஓர இணைப்புகளுக்கு நேர் மேலே வந்து விழும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இதே பிளாக்வெல் வரிசையின் 600 வாட் ‘ஒர்க்ஸ்டேஷன் எடிஷன்’ வேறு மாதிரி: சுமார் 304 மி.மீ. நீளம், 137 மி.மீ. உயரம், மின் இணைப்பு மேல் விளிம்பில். அங்கே பக்கக் கதவுதான் எதிரி. 137உடன் நேர்க் கம்பிக்கு 35 கூட்டினால் 170ஐத் தாண்டும். கதவு கம்பியை அழுத்தினால் பிளக் ஒரு பக்கமாகச் சாயும். சில பின்கள் சரியாகத் தொடாது. மீதிப் பின்கள் கூடுதல் மின்னோட்டத்தைச் சுமந்து சூடேறி பிளாஸ்டிக் உருகும். 16 பின் இணைப்பின் 12வி-2×6 என்ற திருத்திய வடிவத்தில் சென்ஸ் பின்களை (பிளக் செருகியிருப்பதை உணர்த்தும் சிறு பின்கள்) குட்டையாக்கியிருக்கிறார்கள். பிளக் முழுதாக உள்ளே போகாவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காது. பாதி செருகிய பிளக்குக்கு அது காவல். சாய்ந்த பிளக்குக்கு அல்ல.

உயரக் கணக்கிலேயே 4யு ரேக் பெட்டியும் (சர்வர் அலமாரியில் செருகும் தட்டையான பெட்டி) கழிகிறது. ஒரு யு 44.45 மி.மீ.; நான்கு யு வெளி உயரமே 178 மி.மீ. ப்ளோவர் கார்டு 112 மி.மீ. உயரத்தோடு அதில் நிம்மதியாக நிற்கும். ஆனால் 165 மி.மீ. உயர ஏர் கூலர் நிற்காது. 4யு எடுப்பதானால் அதற்கென்று செய்த குட்டைக் கூலரையும் அதன் இரைச்சலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். மேசைக்குப் பக்கத்தில் வைத்து வேலை செய்யும் மெஷினுக்கு அது பொருந்தாது.

காற்றுக் கணக்கு

கடல் மட்டத்துக் காற்றுக்கு எளிய சூத்திரம்: மணிக்கு வேண்டிய கன மீட்டர் = 3 × வாட் ÷ காற்று சூடேறும் டிகிரி. அதாவது 500 வாட் வெப்பத்தை, காற்று 10 டிகிரி மட்டும் சூடேறும்படி வெளியேற்ற மணிக்கு 150 கன மீட்டர் காற்று வேண்டும்.

மூன்று மேக்ஸ்-க்யூ கார்டு 900 வாட், பிராசசர் 350, ராம், டிஸ்க், போர்டு எல்லாம் சேர்த்து 150 என்று வைப்போம். மொத்தம் 1400 வாட், ஓர் அறை ஹீட்டர் அளவு. ஆனால் எல்லா வாட்டும் பெட்டிக்குள் தங்குவதில்லை. ப்ளோவர் தன் வெப்பத்தைப் பின்சுவர் வழியாக நேரே வெளியே ஊதிவிடும்; அந்தக் காற்று 30 டிகிரி சூடேறிப் போனாலும் கவலை இல்லை. 3 × 900 ÷ 30 = 90. மீதி 500 வாட்டுக்கு 10 டிகிரிக் கணக்கில் 150. மொத்தம் மணிக்கு 240 கன மீட்டர்.

600 வாட் எடிஷன் இரண்டு போட்டால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் ஃபேன்கள் காற்றை கார்டின் ஊடாகத் தள்ளிப் பெட்டிக்குள்ளேயே விடுகின்றன. 1200 வாட்டுக்கு 10 டிகிரிக் கணக்கில் 360, மீதிக்கு 150, ஆக 510. கார்டு எண்ணிக்கை குறைவு, காற்றுத் தேவை இருமடங்குக்கு மேல். போதாததற்குக் கீழ் கார்டு விடும் சூடான காற்றையே மேல் கார்டு இழுக்கும். இரண்டுக்கும் ஒரே கேபினெட்டைப் பரிந்துரைப்பவர் கார்டின் குளிர்விப்பு வகையைப் பார்க்கவில்லை என்றே பொருள்.

ஃபேன் பக்கம்: நொக்டுவா என்எஃப்-ஏ14 பிடபிள்யூஎம் 1500 ஆர்பிஎம்மில் மணிக்கு 140 கன மீட்டர் தரும் என்பது தடையே இல்லாத வெளியில். மெஷ் (வலைத் தகடு), டஸ்ட் ஃபில்டர், டிஸ்க் கூண்டு இவற்றைத் தாண்டி வரும்போது பாதி கிடைக்கும் என்று வைத்தால் ஏமாற்றம் இருக்காது. முன்பக்கம் மூன்று 140 மி.மீ. ஃபேன் சுமார் 210 தரும். 240க்கு இன்னும் 30 பற்றாக்குறை. ஃபில்டரில் தூசி சேர்ந்தால் இன்னும் கூடும். ஆகவே அடியிலோ பக்கத்திலோ மேலும் இரண்டு உள்ளிழுக்கும் ஃபேனுக்கு இடம் உள்ள பெட்டி வேண்டும்.

வெளியேற்றும் ஃபேனில்தான் பலர் தாராளம் காட்டிக் கெடுக்கிறார்கள். மேலே மூன்று, பின்னால் ஒன்று என எல்லாம் வெளியே ஊதினால் பெட்டிக்குள் அழுத்தம் குறையும். மூன்று ப்ளோவர்களும் ஏற்கெனவே வெளியே தள்ளுகின்றன. குறைந்த அழுத்தத்தை ஈடுகட்டப் பின்சுவரின் ஸ்லாட் இடுக்குகள் வழியாக, அப்போதுதான் வெளியேறிய சூடான காற்றே உள்ளே திரும்பும். ஃபில்டர் இல்லாத இடுக்கு என்பதால் தூசியும் கூடவே. இந்த மெஷினுக்குப் பின்பக்கம் ஒரு வெளியேற்றும் ஃபேன் போதும். மேல்பக்கம் திறந்த மெஷ்ஷாக இருந்தால் அதன் முன்பாதியை மூடிவிடலாம். முன்னால் நுழைந்த காற்று பிராசசரை எட்டும் முன்பே மேலே தப்பிவிடுவது நிற்கும்.

ஏர் கூலரா, லிக்விடா

நொக்டுவா என்எச்-யு14எஸ் டிஆர்5-எஸ்பி6 போன்ற ஏர் கூலரின் உயரம் 165 மி.மீ. பெரிய டவர்களில் 185 மி.மீ. வரை இடம் இருப்பதால் சிக்கல் இல்லை. இந்தக் கட்டமைப்புக்கு ஏர் கூலரே மேல். டிடிஆர்5 ஆர்டிஐஎம்எம்மில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிப் மாட்யூலின் மேலேயே இருக்கிறது. எட்டு மாட்யூல் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் அவற்றுக்கும் காற்று வேண்டும். ஏர் கூலரின் ஃபேன் போகிற போக்கில் ராமையும் பக்கத்து மின்சுற்றையும் குளிர்வித்துவிடும். லிக்விட் கூலர் வைத்தால் சாக்கெட்டைச் சுற்றிக் காற்று அசையாது. பிராசசர் குளிர்ந்திருக்கும், ராம் சூடேறி வேகத்தைக் குறைக்கும். லிக்விட்தான் வேண்டும் என்றால் ரேடியேட்டர் 27 முதல் 38, ஃபேன் 25, ஆக மேல்பக்கத்தில் 52 முதல் 63 மி.மீ. வேண்டும். ராமுக்குத் தனியே ஒரு ஃபேனும் வேண்டும்.

களத்தில் நின்ற பெட்டிகள்

ஃப்ராக்டல் டிசைன் டாரன்ட்டை முதலில் பார்த்தால் ஆசை வரும். முன்னால் இரண்டு 180 மி.மீ. ஃபேன், அடியில் மூன்று 140 மி.மீ. ஃபேன், இஇபி ஆதரவு. காற்றுக்கு இதைவிடச் சிறந்ததைச் சொல்வது கடினம். ஆனால் ஸ்லாட் ஏழு. 600 வாட் கார்டு ஒன்று மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். நான்கு ப்ளோவருக்கு வழியில்லை.

கார்ஸேர் 1000டி ஏறக்குறைய 70 செ.மீ. உயரம், காலியாகவே 30 கிலோவுக்கு அருகில். முன்னால் இரண்டு 480 மி.மீ. ரேடியேட்டர் வைக்கலாம். தனிப்பயன் நீர்க்குளிர்விப்புக்குச் செய்த பெட்டி. ப்ளோவர் கார்டுக்கு அந்த இடமெல்லாம் வீண்.

ஃப்ராக்டலின் டிஃபைன் 7 எக்ஸ்எல், மெஷிஃபை 2 எக்ஸ்எல் இரண்டுக்கும் சட்டகம் ஒன்றே; 240 மி.மீ. அகலம், 566 உயரம், 600ஐ ஒட்டிய நீளம். இஇபி போர்டு உட்காரும், ஸ்லாட் ஒன்பது. டிஃபைனில் முன்பக்கம் மூடிய கதவு. சத்தம் குறையும், காற்றும் குறையும். 1400 வாட்டுக்கு மெஷிஃபைதான். மூன்று கார்டோடு நிறுத்திக்கொள்பவருக்கு இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

ஃபேன்டெக்ஸ் என்தூ ப்ரோ 2 சர்வர் எடிஷனில் முன்பக்கம் மெஷ், பின்சுவரில் பதினொரு திறப்பு, இரண்டாவது பவர் சப்ளைக்கும் இடம். கடைசியாகச் சொன்னதுதான் முடிவைத் திருப்பியது. நான்காவது கார்டு வந்தால் 1200 + 350 + 150 = 1700 வாட்; 1600 வாட் பவர் சப்ளை ஒன்று தாங்காது. நான்காவது கார்டு உறுதி என்பதால் தேர்வு இதுதான். மெஷிஃபையின் தகடும் டிஸ்க் ட்ரேயும் இதைவிட நேர்த்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மின்சாரமும் கேபிளும்

1600 வாட் பவர் சப்ளைகள் நீளமானவை. கார்ஸேர் ஏஎக்ஸ்1600ஐ 200 மி.மீ.; பின்னால் மாடுலர் (கழற்றி மாட்டும்) பிளக்கும் கேபிள் வளைவும் சேர்த்தால் 270 முதல் 280. அடியில் டிஸ்க் கூண்டு இருந்தால் கழற்ற வேண்டியிருக்கும். வாங்கும் முன் 16 பின் இணைப்பு எத்தனை நேரடியாக இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டுதான் என்றால் மூன்றாவது கார்டுக்கு இரண்டு 8 பின் கேபிளிலிருந்து அடாப்டர் போட வேண்டும். ஒரே கேபிளில் இரு தலை உள்ளதை அல்ல, தனித்தனி இரண்டை.

பிராசசருக்கான 8 பின் இபிஎஸ் கேபிள் இரண்டும் போர்டின் மேல் மூலைக்குப் போக வேண்டும். அடியில் பவர் சப்ளை உள்ள இந்த உயரப் பெட்டியில் தட்டின் பின்னால் சுற்றி வர 650 மி.மீ. கேபிள் இழுத்துப் பிடித்தாற்போல வரும், அல்லது வராது. 700க்குக் குறையாமல் பாருங்கள். நீட்டிப்புக் கேபிள் போட்டால் கூடுதல் இணைப்பு ஒன்று, கூடுதல் சூடு.

சுவர்ப் பக்கம்: 1400 வாட் சுமைக்கு 92 சதவீதத் திறனில் சுவரிலிருந்து சுமார் 1520 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 6.6 ஆம்பியர், 120 வோல்ட்டில் 12.7 ஆம்பியர். 15 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதிப்படி 12 ஆம்பியர்தான் அனுமதி. ஆக 120 வோல்ட் இடங்களில் தனி 20 ஆம்பியர் லைன் அல்லது 240 வோல்ட் லைன் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். இந்த வகைப் பவர் சப்ளை பலவற்றில் சி19 கேபிள் வேண்டும். வழக்கமான கம்ப்யூட்டர் கேபிள் நுழையாது.

பூட்டும் வரிசை

கேபினெட்டைப் படுக்க வையுங்கள். அட்டை மாதிரியை வைத்து ஸ்டாண்ட்ஆஃப்களைச் சரிபார்த்து, வேண்டாதவற்றைக் கழற்றுங்கள். போர்டை இறக்கும் முன்பே இபிஎஸ் கேபிளை மேல் துளை வழியாக வெளியே எடுத்து வையுங்கள், 330 மி.மீ. போர்டு உட்கார்ந்த பிறகு அந்தத் துளை கைக்கு எட்டாது. எல்லா ஸ்க்ரூவையும் பாதி முறுக்கி, பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். அடுத்து கீழ் ஓர இணைப்புகள், 24 பின், டிஸ்க் கேபிள், கூலர். கிராபிக்ஸ் கார்டுகள் கடைசியில், அடியிலிருந்து மேலாக: முதலில் 7, பிறகு 4, பிறகு 1. மேலிருந்து தொடங்கினால் அடுத்த கார்டின் கொக்கியைத் தொடக் கை போகாது. கழற்றும்போது அது இன்னும் பெரிய வேதனை.

கார்டு தொங்காமல் இருக்க வால் முனையில் தாங்கி வேண்டும். ஒர்க்ஸ்டேஷன் கார்டுகளின் வாலில் நீட்டிப்புத் தகடு பூட்டத் துளைகள் இருக்கின்றன. அது கார்டை 312 மி.மீ. முழு நீளத்துக்குக் கொண்டுபோய்ச் சட்டகத்தின் பள்ளத்தில் உட்கார வைப்பதற்காக. பொதுச் சந்தை கேபினெட்டில் அந்தப் பள்ளம் கிடையாது. உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் தாங்கித் தூண் ஒன்று போதும்.

ஹார்டு டிஸ்க்குகளை முன்பக்க ஃபேனுக்கு நேர் பின்னால் அடுக்கினால் டிஸ்க் குளிரும், கார்டுக்குக் காற்று குறையும். ஆறில் இரண்டை முன்னாலும் மீதியைத் தட்டின் பின்புறத்திலோ அடியிலோ பிரித்து வைப்பதே சரி. ட்ரேயின் ரப்பர் வளையத்தை நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். நசுங்கினால் அதிர்வு தகட்டுக்குப் போகும்.

சோதனை

பிராசசரையும் எல்லா கார்டையும் ஒரே நேரத்தில் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். தனித்தனியாகச் சோதித்துத் தேறியது சேர்த்து ஓட்டும்போது தேறாமல் போவதுண்டு. என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் வெப்பநிலையோடு, வேகம் குறைந்ததற்கான காரணத்தையும் பாருங்கள். மின் வரம்பு காரணமாகக் குறைவது இயல்பு. வெப்பம் காரணமாகக் குறைந்தால் காற்று போதவில்லை. பிறகு பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சுமையில் பதினைந்து நிமிடம். இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் கவலை வேண்டாம். ஏழெட்டு டிகிரி இறங்கினால் முன்பக்கம் மூச்சுத் திணறுகிறது: ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், முன்னால் நிற்கும் கேபிள் கட்டை ஒதுக்குங்கள், மேல்பக்க வெளியேற்றும் ஃபேனை நிறுத்துங்கள்.

நான்காவது கார்டு வரும் நாளில் 1, 4, 7 என்பது 1, 3, 5, 7 ஆகும். இடை ஸ்லாட் எல்லாம் மூடிக்கொள்வதால் நெட்வொர்க் கார்டு வெளியேற வேண்டும். இந்த போர்டிலேயே இரண்டு 10 கிகாபிட் போர்ட் இருக்கின்றன, அவற்றுக்கு மாறலாம். காலியாக உள்ள 9, 10, 11ஆம் திறப்புகளுக்கு ரைசர் கேபிள் (ஸ்லாட்டை வேறிடத்துக்கு நீட்டும் கேபிள்) இழுத்து ஏதாவது வைக்கத் தோன்றும். பிசிஐஇ 5.0 வேகத்தில் நீளமான ரைசர் பிழை தரும்; மெஷின் உடனே நிற்காது, கர்னல் பதிவில் திருத்திய பிழைகள் குவியும், எப்போதாவது கார்டு காணாமல் போகும். வேண்டாம். இரண்டாவது பவர் சப்ளையைப் பூட்டும்போது இரண்டும் ஒன்றாக ஆன் ஆக இணைப்புக் கேபிள் போட்டு, இரண்டின் கிரவுண்டும் பொதுவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கார்டின் 16 பின் இணைப்பு முழுவதும் ஒரே பவர் சப்ளையிலிருந்து வர வேண்டும். அடாப்டரின் ஒரு தலை அதிலும் மறு தலை இதிலுமாக ஒருபோதும் பிரிக்கக் கூடாது.